தொட்ட இடத்தில் தெளித்த தண்ணீர்

சாலம்மாளின் வலது கை பெரியநாயகியின் தோளைப் பிடித்திருந்தது. இடது கை இடுப்புக்கு அடியில் இருந்தது. ஒரு இழுப்பில் அந்தக் கனத்த உடம்பு சுவர்ப் பக்கமாகத் திரும்பியது. சரிந்து விழாமலிருக்க வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணையைச் செருகிவிட்டு, பழைய மருந்துக் கட்டை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். வால் எலும்புக்கு மேலே படுக்கைப்புண், ஐந்து ரூபாய் நாணயம் அளவு. அதை சலைன் விட்டுக் கழுவி, சுற்றியிருந்த தோலைத் துடைத்துக் காயவிட்டு, புதுத் துணியை மடித்து வைத்து பிளாஸ்டர் ஒட்டினாள். பிறகு பேனாவை எடுத்து பிளாஸ்டரின் மேல் தேதியை எழுதினாள். கட்டு எப்போது போட்டது என்று அடுத்த ஆளுக்குத் தெரிய வேண்டும். நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் அவளுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்தது அது. வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேரில் இன்றைக்கும் அதைச் செய்கிறவள் அவள் ஒருத்தி.

"தண்ணி" என்றாள் பெரியநாயகி.

தண்ணீர்ச் செம்பு சாலம்மாளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சின்னம்மா, அம்மாவுக்குத் தண்ணி வேணுமாங்க."

மாடியிலிருந்து பேரன் மனைவி தேவிப்ரியா இறங்கி வந்து, செம்பை எடுத்து, ஒரு மடக்கு ஊற்றிவிட்டுத் திரும்ப மாடிக்குப் போனாள். கிழவியின் மலத்தை சாலம்மாள் துடைக்கலாம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடம்பில் எந்த இடத்திலிருந்து தீட்டு தொடங்குகிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. இடுப்பு என்று நினைக்கிறேன்.

வீடு தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். பெரியநாயகியின் மகன் நாராயணசாமிக்குப் பதினான்கு ஏக்கர் கரும்பு. ஊர் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா. பெரியநாயகிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் விழவில்லை. வாரத்தில் ஆறு நாள் சாலம்மாள் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். ஆகவே நான் எழுதுவது பாதி கண்ணால் பார்த்தது, பாதி சாலம்மாள் சொன்னது. சாலம்மாளுக்குக் கூட்டிச் சொல்கிற பழக்கம் கிடையாது.

முதல் நாள் நாராயணசாமி அவளை வாசலில் நிறுத்தி விசாரித்தாராம்.

"எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க."

"கள்ளக்குறிச்சில எந்தப் பக்கம்?"

"கருணாபுரங்க."

"கருணாபுரத்துல எந்தத் தெரு?"

"நீங்க நெனைக்கற தெருதாங்க ஐயா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னார். அதற்கு முன் இரண்டு மாதமாக அவர் சாதியில் ஆள் தேடியிருந்தார். வந்தவர்கள் சமைக்கிறேன் என்றார்கள், துணி மடிக்கிறேன் என்றார்கள், பேச்சுத்துணைக்கு இருக்கிறேன் என்றார்கள். மலம் என்றதும் செருப்பைத் தேடினார்கள்.

சாலம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவன் முனியன் சாராயத்தில் போனான். போகிற வரைக்கும் அவளை அடித்தான். ஒரே மகள் நிர்மலா. கரும்பு வெட்டு, கட்டடத்தில் சித்தாள் வேலை என்று மகளை வளர்த்தாள். முழங்கால் தேய்ந்து, குனிந்தால் நிமிர முடியாமல் போனபோது ஆறு மாதம் இந்தப் பராமரிப்புப் பயிற்சிக்கு வந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எழுத்துத் தேர்வில் என்னைவிட அவளுக்குத்தான் மதிப்பெண் அதிகம். எனக்கு அதில் கோபம் உண்டு, இருக்கட்டும்.

நிர்மலாவைக் கட்டிக்கொண்ட குடும்பம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். "எங்ககிட்ட அந்த பேதமே கெடையாது சம்பந்தி" என்று மருமகனின் அப்பா சொன்னாராம். அவர் இறந்தபோது அடக்கத்துக்கு சாலம்மாள் போனாள். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாதிக் கிறித்தவர்கள், இந்தப் பக்கம் இன்னொரு சாதிக் கிறித்தவர்கள். "செத்தப்புறம் எழுந்து போய் தொட்டுடுவாங்கன்னு பயம் போலக்கா" என்று என்னிடம் சொன்னாள்.

இதையெல்லாம் சொன்ன அதே சாலம்மாள், தன் வீட்டுக்கு எலிப்பொறி விற்க வரும் இருளர் பெண்ணுக்கு நெளிந்த டம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பாள். அந்த டம்ளர் தனியாகக் கூரையில் செருகியிருக்கும். நான் கேட்டேன். "அது வேறக்கா" என்றாள். எல்லாருக்கும் அது வேறுதான். அந்த டம்ளருக்காக அவளையும் நான் மன்னிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா வந்தது. வியாழக்கிழமை காப்புக் கட்டினார்கள். பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தீமிதி. தர்மகர்த்தா மஞ்சள் வேட்டி கட்டி, மணிக்கட்டில் காப்புக் கயிறோடு, ஒருவேளை சாப்பாட்டோடு இருந்தார். தினமும் சாயங்காலம் கோயிலில் பாரதம் படித்தார்கள். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்து அவமானப்படுத்துகிற நாளில், பெரியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கட்டத்தில், நாராயணசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாராம். தீக்குழிக்கு விறகு வெட்டிப் போடுவது காலனி ஆட்கள். பறை அடிப்பதும் அவர்கள். குழியில் இறங்க மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு அவர் அழுததாகத் தகவல் இல்லை.

காப்புக் கட்டிய வீட்டுக்குள் காலனிக்காரி வரக் கூடாது. ஆனால் அம்மாவுக்கு மலம் அள்ள ஆள் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தினமும் காலையில் சாலம்மாள் உடம்பு துடைத்து, கட்டு மாற்றி, அழுக்குத் துணியோடு கொல்லைக்குப் போனதும், தேவிப்ரியா ஒரு பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீரும் கோமியமும் கலந்து எடுத்து வந்து, மாவிலைக் கொத்தால் பெரியநாயகியின் மேலும் கட்டிலின் மேலும் தெளிப்பாள். அதன் பிறகுதான் அத்தை பாட்டிகளும் பங்காளிகளும் வந்து அந்த அம்மாளுக்குத் திருநீறு பூசுவார்கள்.

தெளிக்கிறார்கள் என்பது சாலம்மாளுக்குத் தெரியும். தலையில் நாலு துளி, தரையில் நாலு துளி என்று நினைத்தாள். "தெளிச்சிக்கினு போவட்டும், நமக்கின்னா" என்றாள்.

ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்த புண் ஒரு வாரத்தில் உள்ளங்கை அளவு ஆனது. ஓரம் வெளுத்து ஊறிப்போய், நடுவில் மஞ்சளாகச் சீழ் பிடித்தது. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, கோயிலில் அருள்வாக்கு சொல்லும் தைலம்மாளிடம் நாராயணசாமி கேட்டார். தைலம்மாள் கண்ணை உருட்டி, தலையை விரித்து, "கை சரியில்ல! கைய மாத்து!" என்றாளாம். அவளுடைய மாத அரிசி நாராயணசாமி வீட்டுக் களத்திலிருந்து போகிறது. அம்மன் அவளுக்கு வேறு எப்படிச் சொல்லும்?

எங்கள் தொழிலில் இந்த ஒரு வார்த்தை போதும். 'கை சரியில்லாதவள்' என்று தியாகதுருகத்தில் ஒரு வீட்டில் சொன்னால் உளுந்தூர்பேட்டை வரைக்கும் போய்விடும். அதன் பிறகு எவரும் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்க்கக் கூப்பிட மாட்டார்கள். கரும்புக் காட்டுக்குத் திரும்பிப் போக சாலம்மாளின் முழங்கால் உதவாது. அந்தப் புண் ஆறாவிட்டால் கிழவி போய்விடுவாள். கிழவியோடு சாலம்மாளின் பிழைப்பும் போய்விடும்.

மறுநாளே கையை மாற்ற முயன்றார்கள். ராஜாம்பாள் என்று ஒரு தூரத்து உறவுக்காரி வந்தாள். கட்டைத் திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சமையலுக்குன்னுதானேங்க சொன்னீங்க" என்று அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். முந்தின ஞாயிறே கட்டு லேசாக ஈரமாக இருந்தது, வியர்வை என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை தேதி எழுதிய கட்டைத் திறந்தேன். சொதசொதவென்று ஈரம். மஞ்சள் கறை. மாட்டுக் கொட்டகை நாற்றம். எனக்கு சாலம்மாள் மேல்தான் கோபம் வந்தது. உடனே போன் போட்டுத் திட்டினேன்.

"கட்டு போடறதுக்கு முன்னாடி துடைச்சிக் காயவைக்கறியா இல்லியா? ஈரத்தோட வச்சி ஒட்டுறியா?"

"இன்னாக்கா சொல்றே? நான் ஈரத்தோட ஒட்டுவனா? என் கைய உனக்குத் தெரியாதா?"

"அப்ப எங்கேருந்து வருது தண்ணி?"

"அவங்க அம்மன்தான் வந்து ஊத்திக்கினு போவுது போல" என்று கோபத்தில் போனை வைத்துவிட்டாள்.

அவள் கோபத்தில் சொன்னது கிட்டத்தட்டச் சரி. திங்கட்கிழமை அவளே கூப்பிட்டாள். "அக்கா, நேத்து நீ போட்ட கட்டு காஞ்சி போய் கெடக்குது. புண்ணு நீருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நான் போடறது மட்டும் எப்படிக்கா நனையுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கட்டுப் போட்ட பிறகு தேவிப்ரியா சொம்போடு வரவில்லை. என் சாதி அவர்களுக்குத் தெரியும். என் கைக்குத் தெளிப்பு தேவைப்படவில்லை. அதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாலம்மாள் அழுக்குத் துணியைக் கொல்லையில் போட்டுவிட்டு, திரும்பி வந்து ஜன்னலில் நின்று பார்த்தாள். தேவிப்ரியா பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். தலையில் நாலு துளி, காலில் நாலு துளி. பிறகு சேலையை விலக்கி, கட்டின் மேலே மாவிலைக் கொத்தை வைத்து, சொம்பைச் சாய்த்து வழிய விட்டாள். காய்கறி நறுக்கியபோது வெட்டிக்கொண்ட அவளுடைய ஆள்காட்டி விரலில் ஒரு சின்ன பிளாஸ்டர் இருந்தது. அது நனையாமல் விரலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றினாள்.

"இன்னா சின்னம்மா, புண்ணு மேலயே ஊத்தறீங்க?"

தேவிப்ரியா திடுக்கிட்டாள். "மாமாதான் சொன்னாரு. தொட்ட இடத்துல ஜாஸ்தி தெளிக்கணும்னு."

"அதான் புண்ணு அழுவுதுங்க."

"கோமியம் கிருமிநாசினி. வாட்ஸாப்ல டாக்டரே பேசியிருக்காரு."

"அப்ப உங்க விரலுக்கு ஏன் ஊத்திக்கல?"

தேவிப்ரியா விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் நாராயணசாமி சாலம்மாளைக் கூப்பிட்டார்.

"சாமி விஷயத்துல நீ மூக்க நுழைக்காத."

"சாமிய நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க ஐயா. கட்டு நனையக் கூடாதுங்க, அவ்ளோதான்."

"நீ வேலைய ஒழுங்கா பாத்தா புண்ணு ஏன் ஆறல? அம்மனே சொல்லிட்டா, கை சரியில்லன்னு."

அம்மனோடு எதிர்வாதம் செய்ய சாலம்மாளுக்கு வழி இல்லை.

புதன்கிழமை பெரியநாயகிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. சாயங்காலம் தியாகதுருகத்திலிருந்து டாக்டர் வந்தார். கட்டைத் திறந்தார். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"என்ன இது, மாட்டு மூத்திர வாடை? யாரும்மா கட்டு போடறது?"

நாராயணசாமி சாலம்மாளைப் பார்த்தார். தேவிப்ரியா தரையைப் பார்த்தாள். வந்திருந்த உறவுக்காரர்கள் ஐந்தாறு பேர், எல்லாருக்கும் சொம்பு தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முந்தைய வாரம்தான் அவர்கள் எல்லாரும் கோயிலில் உட்கார்ந்து சபையில் வாய் மூடியிருந்த பெரியவர்களை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள்.

"கட்டு நான் போட்டதுங்க டாக்டர். மேல ஊத்துனது நான் இல்லீங்க" என்றாள் சாலம்மாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்திலேயே தெரிந்தது என்று சாலம்மாள் சொன்னாள். ஆனால் தீமிதி அன்று அவருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவதாக ஏற்பாடு. "யாரோ ஏதோ... பரவால்ல. காயத்தை உலர வச்சிக்குங்க. ஊசி எழுதறேன். நாலு நாள் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது. பட்டுதுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சதைய வெட்டி எடுக்கணும், இந்த வயசுல தாங்காது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மருத்துவம் ஐந்து வருடம் படித்தவர். ஒரு தலைப்பாகைத் துணிக்காக வாயை மூடிக்கொண்டார்.

அவர் போன பிறகு நாராயணசாமி சொன்னார்: "இன்னும் நாலு நாள்தான். கம்மியா தெளிக்கச் சொல்றேன். தெளிக்காம இருக்க முடியாது, காப்பு கட்டியிருக்கேன். தீமிதி முடிஞ்சதும் நீ நின்னுக்கோ, வேற ஆள பாத்துக்கறோம்."

அன்று இரவு எனக்கு போன் செய்தார். "நாலு நாள் நீங்க வந்து பாத்துக்கங்களேன். நீங்கன்னா தெளிக்க வேணாம், புண்ணும் ஆறிடும்" என்றார். அதை அவர் வெட்கமில்லாமல், ஒரு நல்ல யோசனை போலச் சொன்னார்.

"புண்ண ஆற வைக்க என் சாதி வேணாங்க. சொம்ப உள்ள வச்சாலே போதும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு சாலம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "இன்னா பண்ணப்போற?" என்றேன்.

"அவங்க சட்டம் எனக்குத் தெரியும்க்கா. காலைல பாத்துக்கறேன்" என்றாள்.

காலையில் நடந்ததைச் சாலம்மாள் ஒருவிதமாகவும் ஞாயிற்றுக்கிழமை பெரியநாயகி இன்னொருவிதமாகவும் என்னிடம் சொன்னார்கள். முக்கியமான எல்லாவற்றிலும் இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போய் ஆறரை மணிக்கு வேலையைத் தொடங்கினாள். உடம்பு துடைத்தாள். கட்டைத் திறந்து கழுவி, காயவைத்து, புதுக்கட்டுப் போட்டாள். அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகவில்லை. கட்டிலின் பக்கத்திலேயே நின்றாள். தேவிப்ரியா சொம்போடு வாசலில் வந்து தயங்கினாள்.

"நீ போ, நான் தெளிக்கணும்."

சாலம்மாள் இரண்டடி முன்னால் போய், வலது கையின் ஐந்து விரலையும் சொம்புக்குள் விட்டு ஒரு கலக்குக் கலக்கினாள்.

தேவிப்ரியா வீறிட்டாள். "மாமா! மாமா! சொம்புல கைய வுட்டுட்டா!"

நாராயணசாமி மஞ்சள் வேட்டியோடு ஓடி வந்தார். "இன்னா காரியம் பண்ண நீ?"

"நான் தொட்ட தண்ணிங்க ஐயா இது. இத அம்மா மேல தெளிக்க முடியுமா?"

அவர் விழித்தார். முடியாது. தீட்டுக் கழிக்கிற தண்ணீரே தீட்டாகிவிட்டது.

"போய் வேற கலந்துக்கினு வா" என்றார் மருமகளிடம்.

"வேற கலங்க. அதையும் தொடுவேன்" என்றாள் சாலம்மாள். "எத்தன சொம்பு வந்தாலும் தொடுவேன். தெனமும் தொடுவேன்."

"வெளிய போடி! இப்பவே போ!"

"போறேங்க. அம்மாவுக்கு ராத்திரியிலேருந்து வயிறு சரியில்ல, மாத்திரையால. இப்ப துடைச்சது மறுபடியும் போவும். யாரு மாத்தறதுன்னு சொல்லிடுங்க, துணி எங்க கெடக்குதுன்னு காட்டிட்டுப் போறேன்."

நாராயணசாமி மருமகளைப் பார்த்தார். மருமகள் தன் பிளாஸ்டர் விரலைப் பார்த்தாள். அவரே தன் மணிக்கட்டின் காப்புக் கயிற்றைப் பார்த்துக்கொண்டார். அம்மனுக்காகக் கட்டியது. அதோடு மலம் தொட முடியாது.

சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த பெரியநாயகி அப்போதுதான் பேசினாள்.

"டேய் நாராயணசாமி. இவள அனுப்பிட்டு நீ வந்து தொடைப்பியா?"

"அம்மா, காப்பு கட்டிக்கினு..."

"தொடைக்கமாட்டே இல்ல? அப்ப வாய மூடு. ஏ தேவிப்ரியா, அவ கைய வுட்ட தண்ணி இனிமே எதுக்காவும்? கீழ ஊத்து. நாளைக்கும் கலந்து கொண்டாராத, மாட்டு மூத்திரம் வீணாப்போவுது. ஏய் சாலம்மா, இன்னா நின்னுக்கினே இருக்கே? முதுகு வலிக்குது. தீமிதி முடிஞ்சதும் போறதாமே? நான் செத்தப்புறம் போ."

அந்த அம்மாள் மனம் மாறிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்குத் தீட்டு தீட்டுதான். அதனால்தான் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றாள். குடிதண்ணீரை இன்றைக்கும் தேவிப்ரியாவின் கையால்தான் குடிக்கிறாள்.

தேவிப்ரியா சொம்பைக் கொல்லைக்கு எடுத்துப் போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். நாராயணசாமி குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். சாலம்மாள் இரண்டு கையையும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவித் துடைத்தாள். கட்டின் ஓரம் எங்கும் நனையவில்லை என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். அதன்மேல் தேதியை எழுதினாள். அப்புறம் பெரியநாயகியின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து, அவளை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள்.